மூன்றாவது வாசல்: ஆப்பிரிக்க மண் கற்பித்த விடுதலைப் பாடம்

திருப்பூர் காதர்பேட்டையின் பின்னலாடைக் கடைகளுக்கு நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த வணிகர்கள் வந்துசெல்வது கொங்கு மண்டலத்தாருக்குப் புதிய காட்சியன்று. கோவைக் கல்லூரிகளிலும் ஆப்பிரிக்க மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களோடு நமக்கு வணிகம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் அறிமுகம் உண்டா என்பது ஐயமே. அவர்களைக் குறித்து நம் வீடுகளில் வழங்கும் சொற்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியவை. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தால் தயக்கமும், தெருவில் கூட்டமாக நின்றால் அச்சமுமே அவர்களுக்குக் கிடைக்கின்றன. அம்மக்களுக்கு ஆழ்ந்த சிந்தனை மரபு ஒன்று உண்டு என்பதையும், அதனால் பயன் பெற்றவர்களில் நம் மொழி பேசியோரும் நம் மார்க்கத்தைச் சார்ந்தோரும் இருந்தனர் என்பதையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துரைப்பதில்லை.

அச்சிந்தனையின் சாரத்தை ஒரே வரியில் கூறலாம்: விடுதலை என்பது ஒருவர் தமக்கென்று தனியே பெற்றுக்கொள்ளத்தக்க பொருளன்று. கேட்பதற்கு எளிய இக்கருத்தைத் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதற்கிடையே இரத்தமும் சிந்தப்பட்டது. அவ்வரலாற்றை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது முதல் கடன்

ஆப்பிரிக்காவுக்கும் இஸ்லாத்துக்கும் உள்ள உறவு அடைக்கலத்தில் தொடங்கியது. மக்காவில் கொடுமைகள் பெருகிய காலத்தில், ஏறத்தாழ கி.பி. 615இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களில் சிலரை அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே நீதிமிக்க அரசர் ஒருவர் ஆள்கிறார் என்பதே அதற்குக் காரணம். மக்காவின் தலைவர்கள் தூதர்களை அனுப்பி அகதிகளைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, கிறிஸ்தவராகிய அம்மன்னர் நஜாஷி, ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் வாதத்தைக் கேட்டறிந்து, அடைக்கலம் புகுந்தோரைக் கைவிட மறுத்தார். தம் மதத்தவரோ தம் இனத்தவரோ அல்லாத மக்களுக்காக ஓர் ஆப்பிரிக்க மன்னர் எடுத்த முடிவு அது. அவர் மறைந்த செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

பிலால் (ரலி) அவர்களைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். அதே வேளையில் அபூதர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் மறக்கலாகாது. ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி அவர் இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் பண்பு இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அவ்வாறு இழிவுபடுத்தப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், பேசப்பட்டது தாயின் கறுப்பு நிறம் என்றும் வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. ஒரு சிறந்த நபித்தோழரின் நாவிலும் எஞ்சியிருக்கக்கூடிய நோய் நம் நாவில் இல்லை என்று நாம் எளிதில் கூறிவிட இயலாது.

மனிதனாக ஆவது

தென்னாப்பிரிக்காவின் ஸூலு, கோசா மொழிகளில் 'உபுண்டு' என்றொரு சொல் உண்டு. சோத்தோ மொழியில் 'போத்தோ' என்றும், ஷோனா மொழியில் 'ஹுன்ஹு' என்றும், சுவாஹிலியில் 'உட்டு' என்றும் இதற்கு இணையான சொற்கள் வழங்குகின்றன. மனிதத் தன்மை என்பது இதன் நேர்ப்பொருள். மனிதன் பிற மனிதர்களாலேயே மனிதனாகிறான் என்பது அம்மக்களின் பழமொழி தரும் விளக்கம்.

இது தமிழருக்கு அந்நியமான எண்ணமன்று. துன்பத்தில் உதவாமல் விலகிச் செல்பவனைப் பார்த்து 'இவனெல்லாம் ஒரு மனுஷனா' என்று நம் பாட்டிமார் கேட்பர். உடலால் மனிதனாகப் பிறத்தல் வேறு, நடத்தையால் மனிதனாக ஆதல் வேறு என்னும் தெளிவு அக்கேள்விக்குள் இருக்கிறது. ஆப்பிரிக்கர்கள் அத்தெளிவை ஒரு தத்துவமாக வளர்த்தனர்.

கென்யாவைச் சேர்ந்த ஜான் எம்பிட்டி 1969இல் வெளியிட்ட ஆப்பிரிக்கச் சமயங்கள் பற்றிய நூலில், தனிமனிதனின் இருப்பு சமூகத்தின் இருப்பிலிருந்தே பெறப்படுகிறது என்று விளக்கினார். நைஜீரிய அறிஞர் இஃபேயானி மென்கிட்டி, மனிதநிலை என்பது பிறப்பால் வாய்ப்பதன்று, சமூகத்தின் கடமைகளை நிறைவேற்றி எய்தும் பேறு என்று வாதிட்டார். கானா நாட்டுத் தத்துவப் பேராசிரியர் குவாமே ஜெக்யே இதனை மறுத்தார். சமூகமே மனிதநிலையை வழங்குகிறதென்றால், சமூகம் நினைத்தால் அதனைப் பறித்துவிடவும் கூடுமல்லவா? ஆகவே ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே கண்ணியமும் உரிமையும் உண்டு. சமூகம் அதனை மலரச் செய்கிறது என்பது அவர் நிலைப்பாடு.

இவ்விவாதத்தைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்குத் திருக்குர்ஆனின் இரு செய்திகள் நினைவுக்கு வரும். ஆதமின் மக்கள் அனைவரையும் இறைவன் கண்ணியப்படுத்தினான் என்கிறது ஒன்று. ஒரே ஆண், ஒரே பெண்ணிலிருந்து படைக்கப்பட்ட மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல இனங்களாக ஆக்கப்பட்டனர் என்கிறது மற்றொன்று. கண்ணியம் இறைவன் தந்தது. எனவே எந்தக் கூட்டமும் அதனைப் பறிக்க முடியாது. ஆயினும் அது தனிமையில் நிறைவு பெறுவதில்லை. அடுத்தவரை அறிவதில்தான் நிறைவு பெறுகிறது.

திம்புக்துவின் அறிஞர்

ஆப்பிரிக்க முஸ்லிம் அறிஞர்களும் இக்கேள்வியை எதிர்கொண்டனர். மாலியின் திம்புக்து நகரில் வாழ்ந்த அஹ்மத் பாபா (1556–1627) அவர்களில் தலையாயவர். மொராக்கோ படைகள் அந்நகரைக் கைப்பற்றியபின் மராக்கேஷுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாண்டுகள் அங்கேயே வாழ நேர்ந்தவர். ஊர் திரும்பிய பின், சஹாராவின் தூவாத் பகுதியினர் அடிமை வணிகம் குறித்துக் கேட்ட வினாக்களுக்கு 1615இல் 'மிஃராஜுஸ் ஸுஊத்' என்னும் நூலில் விடையளித்தார். கறுப்பு நிறத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், கறுப்பர்கள் நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் மீது விழுந்த சாபத்தால் அடிமைகளாயினர் என்ற கதை ஆதாரமற்றது என்றும் அவர் நிறுவினார். ஐரோப்பிய அடிமைக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்த நாள்களில் எழுந்த குரல் அது.

எனினும், விரும்பி இஸ்லாத்தை ஏற்ற நாட்டு மக்களை அடிமைப்படுத்தலாகாது என்று தடுத்த அவர், போரில் சிறைப்பட்ட பிற சமயத்தாரை அடிமையாக்குவதை அக்காலச் சட்ட மரபின்படி ஏற்றுக்கொண்டார். நிறத்தின் வாசலை அவர் உடைத்தார். ஆனால் இன்னொரு வாசல் மூடியே இருந்தது. நேர்மையான வரலாறு இவ்விரண்டையும் சேர்த்தே கூற வேண்டும். தம்மவரின் விடுதலையோடு நின்றுவிடும் சிந்தனை, எவ்வளவு உயர்ந்த அறிஞரிடத்தும், பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நேட்டாலில் நம்மவர்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் தொகுதியினர் அதிலிருந்தனர். 1911இல் அம்முறை நிறுத்தப்படும்வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் நேட்டாலில் இறங்கினர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். பின்னர் குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் அங்குக் குடியேறினர்.

அத்தமிழர்கள் தாய்நாட்டை மறக்கவில்லை. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனாருக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் பணம் திரட்டினர். அத்தொகை தொடர்பாக வ.உ.சி.யும் காந்தியடிகளும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். முடிவில் 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தது. கடல் கடந்து உழைத்த மக்கள், தாம் கண்டிராத ஒருவர் கோவையில் பட்ட துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதினர்.

ஆனால் அருகிலேயே துன்புற்ற ஆப்பிரிக்கரைக் குறித்து அந்நாளில் அதே உணர்வு எழவில்லை. 1894இல் நிறுவப்பட்ட நேட்டால் இந்தியக் காங்கிரசின் முதல் தலைவர் அப்துல்லா ஹாஜி ஆதம், செயலாளர் காந்தியடிகள். டர்பன் அஞ்சலகத்துக்கு அப்போது இரு வாசல்கள். ஒன்று ஐரோப்பியருக்கு, மற்றொன்று ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும். இந்தியர்கள் இதனை அவமதிப்பாகக் கருதி முறையிட்டனர். அதன் விளைவாக 1895 அளவில் அஞ்சலகத்துக்கு மூன்று வாசல்கள் ஏற்பட்டன: ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று. இது ஒரு வெற்றியாகவே அன்று அறிவிக்கப்பட்டது.

இந்த மூன்றாவது வாசல் சிந்திக்கத்தக்கது. பிரித்து வைக்கும் முறை சிறிதும் மாறவில்லை. அதற்குள் நமக்கென்று ஓர் இடம் மட்டும் கிடைத்தது. அஞ்சலகத்தைப் பிரித்த அதிகாரமே பிற்காலத்தில் குடியிருப்பையும், பள்ளியையும், அடக்கத்தலத்தையும் பிரித்தது. அப்போது மூன்றாவது வாசல் வழியே சென்றவர்களும் தப்பவில்லை.

அதே டர்பனில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. 1873 முதல், அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட கிழக்கு ஆப்பிரிக்கர்கள் ஸான்ஸிபாரிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பலர் மகுவா இனத்து முஸ்லிம்கள். டர்பன் ஜும்ஆப் பள்ளிவாசல் அறக்கட்டளை அவர்களுக்காக 'பிளஃப்' குன்றுப் பகுதியில் நிலம் பெற்றுக் குடியமர்த்தியது. நிறவெறி அரசு 1960களில் அவர்களை அங்கிருந்து வெளியேற்றியபோது, 'பிற ஆசியர்' என்று வகைப்படுத்தி, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியது. ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஆப்பிரிக்கர்கள் சட்டத்தின் கண்ணில் ஆசியராயினர். தமிழ்க் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாராயினர். மனிதரைப் பிரிக்கும் பட்டியல்கள் எத்துணைப் பொய்யானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்று மருத்துவர்களும் ஒரு கலவரமும்

1946இல் இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்து நடந்த அறப்போராட்டத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை சென்றனர். அதனை வழிநடத்தியோரில் இருவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர்கள்: டர்பனில் பிறந்த தமிழரான மான்டி நாயக்கர், குரூகர்ஸ்டார்ப்பில் பிறந்த முஸ்லிமான யூசுஃப் தாதூ. தனித்துப் போராடினால் கிடைப்பது இன்னொரு மூன்றாவது வாசலே என்பதை இவர்கள் உணர்ந்தனர். 1947 மார்ச் 9 அன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் மருத்துவர் ஆல்ஃபிரட் ஸூமாவுடன் அவ்விருவரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அனைவருக்கும் வாக்குரிமை என்பது அதன் கோரிக்கைகளுள் முதன்மையானது.

தலைவர்கள் கையொப்பமிட்டதனால் தெருக்கள் மாறிவிடவில்லை. 1949 ஜனவரி 13 அன்று டர்பன் சந்தைப் பகுதியில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனைத் தாக்கியதிலிருந்து பெருங்கலவரம் மூண்டது. 142 பேர் மாண்டனர். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். கடைகளும் வீடுகளும் எரிந்தன. இந்தியக் கடைகளிலும் பேருந்துகளிலும் தமக்கு நேர்ந்த அவமதிப்புகளை ஆப்பிரிக்கர் கூறினர். பறிபோன உயிரையும் உடைமையையும் இந்தியர் கூறினர். இருதரப்பையும் ஒருங்கே ஒடுக்கிய அரசோ, இரு இனங்கள் சேர்ந்து வாழவியலாது என்பதற்கு இக்கலவரத்தையே சான்றாக்கிக் கொண்டது.

உடன்படிக்கையைக் கிழித்தெறிய அதைவிட ஏற்ற தருணம் இருந்திருக்க முடியாது. தலைவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இரு காங்கிரசுகளும் கூட்டாக அமைதி வேண்டின. 1952 ஜூன் 26 அன்று அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தை ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்தே தொடங்கினர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1955இல் கிளிப்டவுனில் கூடிய மக்கள் மாநாடு, நாடு அதில் வாழும் அனைவருக்கும் உரியது என்று சாசனம் இயற்றியது. கலவரம் நிகழ்ந்து ஆறே ஆண்டுகளில் இது நடந்தது. காயம் ஆறிய பின் அவர்கள் சேரவில்லை, காயத்தோடுதான் சேர்ந்தனர்.

தம் வாசலைத் தாண்டியவர்கள்

1960களின் இறுதியில் ஸ்டீவ் பிகோ என்னும் இளைஞரும் அவர் தோழர்களும் 'கறுப்பர்' என்ற சொல்லுக்கே புதுப்பொருள் தந்தனர். ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என ஒடுக்கப்பட்ட அனைவரும் கறுப்பரே என்றனர். வெள்ளையர் அல்லாதார் என்று பிறரைக் கொண்டு தம்மை அடையாளப்படுத்துவதை மறுத்து, தம் மனிதநிலையைத் தாமே அறிவித்தனர். ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளியினரும் அப்பெயரை விரும்பி ஏற்றுச் சிறை சென்றனர். பிகோ 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் உயிர்நீத்தார்.

கேப் டவுனில் இமாம் அப்துல்லா ஹாரூன் இதே வழியில் நடந்தார். கிளேர்மான்ட் பள்ளிவாசலின் இமாமாகிய அவர், லங்கா, குகுலேத்து முதலிய ஆப்பிரிக்கர் குடியிருப்புகளுக்குச் சென்று மக்களோடு பழகினார். சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவி சேர்த்தார். 1969 மே மாதம் கைதாகி, 123 நாள்கள் காவலில் வைக்கப்பட்டு, செப்டம்பர் 27 அன்று மரணமடைந்தார். படிக்கட்டில் விழுந்தார் என்றது காவல்துறை. அந்த முடிவை 2023இல் நீதிமன்றம் தள்ளி, அவர் சித்திரவதை செய்யப்பட்டதைப் பதிவு செய்தது. தொழவைக்கும் மிஹ்ராபுக்கும் லங்காவின் குடிசைகளுக்கும் இடையே அவர் எல்லை வகுக்கவில்லை.

நீதிமன்றத்தில் ஒரு பழஞ்சொல்

நிறவெறி ஆட்சி முடிவுற்ற வேளையில் இயற்றப்பட்ட 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பில் 'உபுண்டு' என்ற சொல் இடம்பெற்றது. பழிவாங்கலுக்கு மாறாகப் புரிதலையும், எதிர்த்தாக்குதலுக்கு மாறாக ஈடுசெய்தலையும் அது நாடியது. 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியபோது நீதிபதிகள் பலர் அச்சொல்லை எடுத்தாண்டனர். அவர்களுள் ஒருவர் இஸ்மாயில் முஹம்மது. நிறச் சட்டங்களால் தமக்கென அலுவலக அறைகூடப் பெற முடியாமல் சக வழக்கறிஞர்களின் அறைகளில் அமர்ந்து பணிபுரிந்த அவர், பின்னாளில் அந்நாட்டின் தலைமை நீதிபதியானார்.

உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் மன்னிப்பு முறை நீதிக்கு எதிரானது என்று பிகோவின் குடும்பத்தார் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தபோது, 1996இல் தீர்ப்பெழுதியவரும் அவரே. அவர்களின் வேதனை நியாயமானது என ஏற்றுக்கொண்டே, உண்மை வெளிவரவேண்டி அம்முறையை அவர் அனுமதித்தார். அத்தீர்ப்பு எல்லோருக்கும் நிறைவளிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு வந்த ஏறத்தாழ 7,000 விண்ணப்பங்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. உண்மை சொல்லப்படாத மன்னிப்பும், ஈடு செய்யப்படாத நல்லிணக்கமும் உறுதியாக நிற்பதில்லை. பழிக்கு ஈடு கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்றும், மன்னிப்பது அவருடைய உயர்வு என்றும் நம் மார்க்கம் கூறுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மன்னிக்குமாறு வற்புறுத்தும் உரிமை மற்றெவருக்கும் இல்லை.

கோவைக்கு என்ன வேலை?

1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மடிந்தனர். டர்பனையும் கோவையையும் எடைபோட்டு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது மனிதகுலம் முழுவதையும் அழிப்பதற்கு ஒப்பாகும் என்னும் இறைவாக்கின் முன், எந்தத் தரப்பின் உயிரையும் கணக்கில் குறைத்துக் காட்ட நமக்கு இடமில்லை. ஆயினும் இந்நகரத்தில் அதன்பின் வளர்ந்த தலைமுறை, ஒருவரையொருவர் அறியாமலேயே அஞ்சிப் பழகிவிட்டது. கோட்டைமேடு, உக்கடம் என்ற முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் அனுபவம் நம் இளைஞர்களுக்குப் புதிதன்று.

இந்த அநீதியை நாம் எடுத்துரைக்கத்தான் வேண்டும். கேள்வி என்னவெனில், நாம் கேட்பது மூன்றாவது வாசலையா, அல்லது எல்லோருக்குமான ஒரே வாசலையா? கொங்கு நாட்டின் சில ஊர்த் தேநீர்க் கடைகளில் அருந்ததியர்க்குத் தனிக் குவளை வைத்த வழக்கம், டர்பன் அஞ்சலகத்தின் வாசல்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அதனைக் கண்டும் காணாமல் நாம் தேநீர் அருந்தியிருந்தால், முகவரி கேட்டு வீடு மறுப்பவரிடம் எந்த நாவால் நீதி கேட்பது? வடமாநிலத் தொழிலாளரையும், காதர்பேட்டையின் ஆப்பிரிக்க வணிகரையும் அதே ஐயத்தோடு நாம் நோக்கினால், நம்மை ஐயுறுவோரின் அளவுகோலை நாமே ஒப்புக்கொண்டவர்களாகிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிப்பது நமக்கும் சேர்த்துத்தான்.

செய்யக்கூடியவை எளியவை. நம் வீட்டில் நிறத்தைச் சுட்டும் ஏளனச் சொல் எழுந்தால், பெரியவரே கூறினாலும், அபூதர் (ரலி) நிகழ்ச்சியைப் பணிவுடன் நினைவூட்டலாம். வாடகைக்கு வீடு வைத்திருப்போர், தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கு மறுக்காதிருக்கலாம். மஹல்லா ஜமாஅத்துகள், தம்மவருக்கு நேர்ந்த அநீதிக்காக எழுதும் மனுவில், அதே அநீதிக்கு ஆளான அயலாரின் பெயரையும் சேர்த்து எழுதலாம். நஜாஷி மன்னர் அடைக்கலம் தந்தபோது, வந்தவர்கள் தம்மவரா என்று கேட்கவில்லை. அவர்கள் சொல்வது உண்மையா என்று மட்டுமே கேட்டார். அக்கடன் இன்னும் நம் கணக்கில் நிலுவையில் இருக்கிறது.